ஊசியைக் கடைசியாகத் தொடுங்கள்

"ஸ்டாண்டில் வைத்து முடுக்கினால் அருமையாகச் சீறுகிறது. தண்ணீரில் விட்டால் இருபதடி தாண்டுவதற்குள் நின்றுவிடுகிறது. நீடிலை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?" நைட்ரோ எஞ்சின் பொருத்திய ரிமோட் படகை முதன்முதலாக வாங்கியவர்கள் பெரும்பாலும் கேட்பது இதைத்தான். எஞ்சின் பழுதோ, பணம் வீணோ என்ற பதற்றமும் கூடவே வரும். பதற வேண்டாம். அநேகமாக எஞ்சினில் கோளாறே இருக்காது. நீடிலிலும் (எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகு) இருக்காது. டேங்க், குழாய், ஷாஃப்ட், புரொப்பல்லர் எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகு கடைசியாகத் தொடவேண்டிய திருகை முதலிலேயே திருகிவிடுவதால்தான் இந்தத் தொல்லை.

இங்கே 3.5 சி.சி. எஞ்சினும் வீ வடிவ அடிப்பகுதியும் கொண்ட படகை மனத்தில் வைத்து எழுதுகிறேன். நாவிகா என்ற பன்னாட்டு அமைப்பின் எஃப்.எஸ்.ஆர்.-வி போட்டிகளில் மிகச் சிறிய எஞ்சின் பிரிவு இதுதான். தொடங்குபவர்களுக்கும் இதுவே ஏற்றது. பெரிய எஞ்சின்களுக்கு அளவுகள் மாறும், முறை மாறாது.

ஸ்டாண்டில் சீறும் எஞ்சின் தண்ணீரில் ஏன் நிற்கிறது? ஸ்டாண்டில் புரொப்பல்லர் காற்றில் சும்மா சுற்றுகிறது. எஞ்சினுக்குச் சுமை இல்லை. தண்ணீரைக் கடித்ததும் சுமை ஏறுகிறது, சூடு ஏறுகிறது, எரிபொருள் தேவையும் ஏறுகிறது. இதோடு டியூன்டு பைப் (விரிந்து குறுகும் புகைக்குழாய்) சேர்ந்துகொள்கிறது. வெளியேறும் புகையின் அழுத்த அலை இந்தக் குழாயின் குறுகிய முனையில் மோதித் திரும்பிவந்து, தப்பிப் போகப் பார்த்த புதிய கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளும். குறிப்பிட்ட சுழற்சி வேகத்தை எட்டும்போதுதான் இது நடக்கும். நடந்த கணமே எஞ்சின் இழுக்கும் காற்று கூடிவிடும். ஸ்டாண்டில் கச்சிதமாகத் தோன்றிய கலவை அந்த இடத்தில் எரிபொருள் குறைந்த கலவையாகிவிடும். எனவே ஸ்டாண்டில் செய்யும் டியூனிங் ஸ்டாண்டுக்கு மட்டுமே செல்லும். அதற்கு மேல், சுமையில்லாமல் முழு த்ராட்டில் கொடுத்தால் கனெக்டிங் ராடே முறியக்கூடும்; கரையில் குளிரூட்டும் நீரும் கிடைக்காது.

எரிபொருள் குறைந்தால் வேகம் மட்டும் குறைவதில்லை. இது டூ ஸ்ட்ரோக் எஞ்சின். மசகெண்ணெய் எரிபொருளிலேயே கலந்திருக்கிறது. படகு எரிபொருள்களில் பொதுவாக 16 முதல் 20 விழுக்காடு எண்ணெய் இருக்கும். நீடிலை இறுக்கினால் எரிபொருளோடு எண்ணெயும் குறைகிறது. கூடுதல் சூடும் குறைந்த எண்ணெயும் ஒன்றாகச் சேர்ந்தால், பிஸ்டன் ஒரே ஓட்டத்தில் கீறிப் போகும். மாறாக, எரிபொருள் சற்று அதிகமாக இருந்தால் பிளக் நனையும், புகை தள்ளும், படகு மந்தமாக ஓடும். அவ்வளவுதான். ஒரு பக்கத் தவற்றுக்கு விலை நேரம். மறுபக்கத் தவற்றுக்கு விலை எஞ்சின். எப்போதும் அதிகத்திலிருந்து குறைவை நோக்கி வாருங்கள்.

எரிபொருளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். இது மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் எண்ணெயும் கலந்த திரவம். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7. நைட்ரோமீத்தேனின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதுதான் காரணம். ஆகவே அதே அளவு காற்றுக்கு அதிக எரிபொருளை எரிக்கலாம்; சக்தி கூடும். நைட்ரோ விழுக்காடு கூடிய டப்பாவுக்கு மாறினால் நீடிலை அதற்கேற்பத் திறக்கவேண்டும் என்பதும் இதிலிருந்தே புரியும். போன வாரம் 15 விழுக்காட்டில் ஓடிய அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு இந்த வாரம் 30 விழுக்காட்டை ஊற்றுவது எஞ்சினைப் பட்டினி போடுவதுதான். தொடங்குபவர்கள் கையேடு சொல்லும் விழுக்காட்டோடு நில்லுங்கள்.

எண்ணெயில் ஒரு பகுதி விளக்கெண்ணெய்தான். மெத்தனாலில் நன்றாகக் கரையும், மிகுந்த சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது என்பதால் இன்றும் அதற்கு இடம் இருக்கிறது. அதற்காக மளிகைக்கடை விளக்கெண்ணெயை வாங்கி ஊற்றாதீர்கள். எஞ்சினுக்குரியது பிசுபிசுப்பு நீக்கிச் சுத்திகரித்த வகை. பைக்குக்கு ஊற்றும் 2டி எண்ணெய் பெட்ரோலுக்காகச் செய்தது. மெத்தனாலில் கலக்காமல் பிரிந்து நிற்கும். "கொஞ்சம் பெட்ரோல் சேர்த்தால் சூடு பிடிக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு விட்டுவிடுங்கள். பெட்ரோல் சிலிக்கோன் குழாயை ஊதிப் போகச் செய்யும்.

மெத்தனால் நஞ்சு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் சாராயத்தில் கலந்து உயிர்களைக் குடித்தது இதே பொருள்தான். எரிபொருளைக் குடிநீர்ப் பாட்டிலிலோ குளிர்பானப் பாட்டிலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். தோலில் பட்டாலும் உள்ளே இறங்கும், கையுறை போடுங்கள். அதன் தீச்சுவாலை பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. காரணமில்லாமல் பெயின்ட் கொப்புளிப்பதையோ காற்று அலை அலையாக நெளிவதையோ பார்த்தால் தீ பிடித்திருக்கிறது என்று கொள்ளுங்கள். மெத்தனால் தண்ணீரோடு கலப்பது. ஒரு வாளி தண்ணீரைத் தாராளமாக ஊற்றினால் அடங்கும். அந்த வாளி கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

இனி, நீடிலுக்கு முன் பார்க்கவேண்டியவை.

முதலில் டேங்க். அதன் மூடியைச் சுற்றியோ குழாயிலோ கண்ணுக்குத் தெரியாத ஓட்டை இருந்தால் எரிபொருளோடு காற்றும் போகும். நீங்கள் எத்தனை திருகு திருகினாலும் எஞ்சின் ஒருநாள் ஒருவிதமாக ஓடும். சோதிப்பது எளிது. டேங்கைக் கழற்றிக் கழுவி, ஒரு குழாயைத் தவிர மற்றதை அடைத்து, தண்ணீரில் அமுக்கி, அந்த ஒன்றில் சிறு ரப்பர் பம்பால் காற்றை ஏற்றுங்கள். குமிழி எங்கே வருகிறது என்று பாருங்கள். உள்ளே இருக்கும் கிளங்க் (எரிபொருளை உறிஞ்சும் எடைக்குண்டு) டேங்கை எப்படிச் சாய்த்தாலும் எரிபொருள் பக்கம் விழவேண்டும். குழாய் விறைத்துப்போனால் விழாது. அப்போது நேராக ஓடும் படகு திருப்பத்தில் மட்டும் இருமும். டேங்க் நேரடியாக மரத்திலோ ஃபைபரிலோ உட்காரக் கூடாது. அதிர்வில் எரிபொருள் நுரைத்து, நுரையை எஞ்சின் குடிக்கும். அடியில் ஸ்பாஞ்ச் வையுங்கள். டேங்கின் நடுமட்டம் கார்புரேட்டரின் எரிபொருள் துளைக்கு ஏறத்தாழ நேராக இருக்கவேண்டும். நிறைந்த டேங்கிலும் காலியாகும் டேங்கிலும் எஞ்சின் வேறுவேறு மாதிரி நடந்துகொள்வது இதனால் குறையும்.

அடுத்தது ஷாஃப்ட். எஞ்சினையும் புரொப்பல்லரையும் இணைப்பது முறுக்கிய கம்பிகளால் ஆன ஃப்ளெக்ஸ் கேபிள் (வளையும் சுழல்தண்டு). பிளக்கைக் கழற்றிவிட்டு ஃப்ளைவீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு முழுச் சுற்றில் எங்காவது இறுகித் தளர்ந்தால் எஞ்சின் நேர்க்கோட்டில் இல்லை. மவுண்ட் திருகுகளைத் தளர்த்தி, தானாக எங்கே உட்காருகிறதோ அங்கே இறுக்குங்கள். கேபிள் சுமையில் முறுகும்போது நீளம் குறையும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பின்புறம் புரொப்பல்லரைப் பற்றியிருக்கும் டாக் (பல்லுள்ள பூட்டு வளையம்) ஸ்ட்ரட்டை (ஷாஃப்டின் பின்முனையைத் தாங்கும் பிடி) தொட்டுக்கொண்டிருந்தால், முழு வேகத்தில் இரண்டும் உரசிப் பிடித்துக்கொள்ளும். தடிமன் 3.8 மி.மீ. உள்ள கேபிளுக்கு 3 முதல் 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். "எஞ்சின் மேலே ஏறவில்லை" என்று நீடிலோடு நாள் முழுக்க மல்லுக்கட்டும் படகுகளில் இந்த இடைவெளி இல்லாததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

புரொப்பல்லர் ஒரு பாதி தண்ணீரிலும் ஒரு பாதி காற்றிலும் சுற்றும் வகை. ஆக்டூரா நிறுவனத்தின் எக்ஸ் 440 என்றால் விட்டம் 40 மி.மீ.; பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறவேண்டிய தூரம்) விட்டத்தைப் போல 1.4 மடங்கு, அதாவது 56 மி.மீ. நிமிடத்துக்கு 20,000 சுற்று சுற்றினால் கணக்குப்படி மணிக்கு 67 கிலோமீட்டர். நழுவல் போக மிச்சம்தான் கையில் கிடைக்கும் வேகம். எஞ்சின் சுழற்சி மேலே ஏறாமல் முக்கினால் புரொப்பல்லர் பெரிது. வேகமில்லாமல் வெறுமனே கிறீச்சிட்டால் சிறிது. பாலிஷ் செய்யாமல் வரும் பெரிலியம் செம்புப் புரொப்பல்லர்களை விளிம்பு தீட்டிச் சமநிலை பார்த்த பின்பே மாட்டவேண்டும். அந்த உலோகத் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு. உலர்வாகத் தேய்க்கவே கூடாது. முகக்கவசம் போட்டு, ஈரமான உப்புத்தாளால் தண்ணீர்விட்டுத் தேயுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் தீட்டி முடித்ததையே வாங்குவது நல்லது.

படகின் எடைமையம் பின்பலகையிலிருந்து நீளத்தில் ஏறத்தாழ 30 விழுக்காட்டுத் தூரத்தில் இருக்கட்டும். மூக்கு எழும்பி விழுந்து துள்ளிக்கொண்டே போனால் அது எஞ்சின் பிரச்சினை அல்ல. எடையை முன்னே நகர்த்துங்கள் அல்லது ஸ்ட்ரட்டின் கோணத்தைத் துளி மாற்றுங்கள்.

ரேடியோவில் கட்டாயம் பார்க்கவேண்டியது ஃபெயில்சேஃப் (சமிக்ஞை அறுந்தால் த்ராட்டில் தானாக மூடும் ஏற்பாடு). எஞ்சினை ஓட்டாமல் த்ராட்டிலைப் பாதி திறந்து வைத்து, டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். கார்புரேட்டர் மூடவேண்டும். மூடாத படகைத் தண்ணீரில் விடாதீர்கள். இரண்டரைக் கிலோ எடை மணிக்கு 60 கிலோமீட்டரில் கரையேறி வந்தால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இவ்வளவும் ஆனபின் எஞ்சினுக்கு வாருங்கள். புதிய எஞ்சினைக் கையால் சுற்றினால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகிப் பிடிக்கும். கெட்டுப்போனது என்று எண்ணவேண்டாம். இந்த எஞ்சின்களின் பித்தளை ஸ்லீவ் (சிலிண்டரின் உள்ளுறை) மேலே சற்றுக் குறுகலாகக் கடையப்பட்டது. சூடேறும்போதுதான் அது விரிந்து பிஸ்டனுக்கு வழிவிடும். ஆகவே முதல் ஓட்டங்களில் எஞ்சினைக் குளிர்ச்சியாகவே வைத்திருப்பது தவறான அக்கறை. கலவை அதிகமாக, ஆனால் எஞ்சின் சூடாக ஓடவேண்டும். இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி, பிஸ்டனைக் கீழிறக்கி வைத்து, ஆறவிட்டு, மீண்டும் ஓட்டுங்கள். குளிர்நீர் வெளியேறும் துளையில் கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக வரவேண்டும். குளத்துத் தண்ணீர் போலவே ஜில்லென்று வந்தால் நீர் அதிகம். குழாயைக் கொஞ்சம் நெருக்குங்கள். நீரே வராவிட்டால் பாசி அடைத்திருக்கும். பம்ப் கிடையாது, படகு ஓடும் வேகத்தில்தான் நீர் ஏறுகிறது.

குளோ பிளக்கில் (பிளாட்டினக் கம்பிச்சுருள் உள்ள பற்றவைப்பான்) மின்சாரம் தொடங்கும்போது மட்டும், 1.5 வோல்ட். பிறகு மெத்தனால் ஆவி பிளாட்டினத்தில் பட்டு நிகழும் வினையே கம்பியைத் தணலாக வைத்திருக்கும். 1947-இல் அமெரிக்கரான ரே ஆர்டன் இதை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகுதான் மாடல் எஞ்சின்கள் பேட்டரியையும் காயிலையும் சுமப்பதிலிருந்து விடுபட்டன.

மெயின் நீடிலைக் கையேடு சொன்ன சுற்றுகளுக்குத் திறந்து, அதற்கு மேல் கால் சுற்று கூடுதலாகத் திறந்து தொடங்குங்கள். வலஞ்சுழியாகத் திருப்பினால் எரிபொருள் குறையும், இடஞ்சுழியாகத் திருப்பினால் கூடும். எஞ்சின் சூடேறி ஐடிலில் (மிகக் குறைந்த சுழற்சியில்) ஓடும்போது, கார்புரேட்டருக்கு அருகே எரிபொருள் குழாயை விரலால் நசுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று விநாடியில் சுழற்சி லேசாக ஏறி அணைந்தால் கீழ்வேகக் கலவை சரி. உடனே அணைந்தால் எரிபொருள் குறைவு. வெகுநேரம் ஏறிக்கொண்டே போய் நின்றால் அதிகம். கரையில் செய்யவேண்டியது இவ்வளவே. த்ராட்டிலை மூடியும் சுழற்சி இறங்க மறுத்தால், நீடிலின் ரப்பர் வளையத்திலோ கார்புரேட்டர் அடியிலோ காற்று நுழைகிறதா என்று பாருங்கள்.

இனி தண்ணீர். இரண்டு சுற்று ஓட்டி, எஞ்சின் சூடான பிறகு நேர்ப்பாதையில் முழு த்ராட்டில் கொடுத்துக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஒலி அடைத்த குரலில் விட்டுவிட்டு வந்து, பின்னால் அடர்ந்த புகை தொடர்ந்தால் எரிபொருள் அதிகம். படகைக் கரைக்குக் கொண்டுவந்து, நீடிலைக் கடிகாரத்தில் ஒரு மணி நேர அளவு, அதாவது பன்னிரண்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்கி மறுபடி விடுங்கள். ஒவ்வொரு முறையும் ஒலி தெளியும், ஒரே சுருதிக்கு வரும். ஒரு கட்டத்தில் நேர்ப்பாதையின் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போய், முடிவில் லேசாகத் தொய்யும். புகைக்கோடும் மெலிந்து மறையும். அதுதான் எல்லை தாண்டிய அடையாளம். உடனே த்ராட்டிலை விட்டுப் படகை அழைத்துவந்து, இரண்டு "மணி" பின்னே திறவுங்கள். அந்த உச்சக் கிறீச்சொலி காதுக்கு இனிமையாகத்தான் இருக்கும். அதில் மயங்கி இன்னொரு சுற்று விட்டவர்கள் அடுத்து ஸ்லீவும் பிஸ்டனும் வாங்கப் போகிறார்கள்.

டேங்க் நிறைந்திருக்கும்போது உச்சத்தைத் தேடாதீர்கள். எரிபொருள் மட்டம் இறங்க இறங்கக் கலவை தானே மெலியும். கடைசி மூன்றில் ஒரு பங்கில் சரியாக ஓடும் அளவே சரியான அளவு. வானிலையும் கணக்கில் வரும். வெயில் ஏறிய மதியத்தில் காற்று அடர்த்தி குறைந்திருக்கும். அப்போது இறுக்கி வைத்த நீடிலோடு மறுநாள் குளிர்ந்த காலையில் ஓட்டினால், அடர்ந்த காற்றுக்கு அந்த எரிபொருள் போதாது. ஒவ்வொரு நாளும் ஒரு "மணி" திறந்தே தொடங்குங்கள்.

சந்தேகம் வந்தால் பிளக்கைக் கேளுங்கள். முழு வேகத்தில் ஓட்டி, ஐடிலில் இழுக்கவிடாமல் நிறுத்திக் கழற்றிப் பாருங்கள். கம்பி நேராக, பளபளப்பாக இருந்தால் நிம்மதி. சாம்பல் பூத்து, சுருள் கலைந்து கோணலாக இருந்தால் எரிபொருள் குறைவு. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அதிகம். டியூன்டு பைப்பின் நீளத்தில் கைவைப்பது இதற்கெல்லாம் பிறகு. குறைத்தால் உச்ச சுழற்சி கூடும், நீட்டினால் கீழ்வேக இழுவை கூடும். ஒரு முறைக்கு 3 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள், மாற்றியபின் நீடிலை மறுபடி பார்க்காமல் இருக்காதீர்கள்.

தண்ணீரில் விட்டதும் அடைத்துக்கொண்டு நின்றால் கீழ்வேகக் கலவை அதிகம் அல்லது பைப் மிகக் குட்டை. முழு வேகத்திலிருந்து த்ராட்டிலை விட்டதும் நின்றால் கீழ்வேகக் கலவை குறைவு. நடு ஏரியில் நின்றுபோனால் நீந்திப் போகாதீர்கள். நம் ஏரிகளில் மண் அள்ளிய பள்ளங்கள் எங்கே இருக்கின்றன என்பது உள்ளூர்க்காரர்களுக்கே சரியாகத் தெரியாது. தூண்டில் கயிற்றில் டென்னிஸ் பந்தைக் கட்டி வீசி இழுக்கலாம், அல்லது காற்று கரை சேர்க்கும்வரை காத்திருக்கலாம். அதற்காகத்தான் உள்ளே மிதவை நுரை வைக்கிறோம். ஒரு லிட்டர் நுரை ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். படகின் எடைக்குக் குறையாமல் அடைத்து, மூடியின் விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டுங்கள்.

கவிழ்ந்து எஞ்சினுக்குள் தண்ணீர் போனால், எக்காரணம் கொண்டும் உடனே ஸ்டார்ட்டரைப் போடாதீர்கள். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். பிளக்கைக் கழற்றி, படகைத் தலைகீழாகப் பிடித்து, ஃப்ளைவீலைக் கையால் சுற்றி வடியுங்கள். பைப்பில் தேங்கியதையும் வடித்து, டேங்கில் தண்ணீர் புகுந்திருந்தால் எரிபொருளை மாற்றி, புதிய பிளக் போட்டு, அன்றே ஒருமுறை சூடேற ஓட்டிவிடுங்கள். அன்றைய ஓட்டம் முடிந்ததும் குழாயில் மிஞ்சியதை எரித்துத் தீர்த்து, கார்புரேட்டரிலும் பிளக் துளையிலும் ஆஃப்டர் ரன் ஆயில் (துரு காக்கும் எண்ணெய்) சில சொட்டு விட்டு, கையால் சுற்றுங்கள். மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும்; நைட்ரோவின் எச்சம் அமிலமாகி பேரிங்கை அரிக்கும். ஃப்ளெக்ஸ் கேபிளை உருவித் துடைத்து, தண்ணீரில் கரையாத மெரைன் கிரீஸ் பூசி மறுபடி செருகுங்கள். செருகியதும் டாக்குக்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையே அந்த 3 மி.மீ. இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இறுக்குங்கள்.